அப்பத்தா சொன்னதை அச்சில் போட ஏஜெண்டு எதற்கு?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை எங்கள் ஊர். எங்கள் அப்பத்தா பேச்சுக்குப் பேச்சு எடுத்துவிடுகிற சொல்லையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சிறு புத்தகமாகப் போட ஆசை. அட்டையில் பழமொழி என்பதா, சொலவடை என்பதா, பொன்மொழி என்பதா? அச்சுப் போட்டுத் தரும் ஏஜெண்டு ஒருவர், "இன்னும் ஐந்நூறு சேர்த்தால்தான் புத்தகம் மாதிரி இருக்கும். ஐ.எஸ்.பி.என்., காப்புரிமைக்கு மட்டும் பதினைந்தாயிரம்" என்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: முதலில் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண். அதற்கு இந்தியாவில் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. எழுதியவரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பம் தமிழில் இல்லை. ஏஜெண்டுகளின் மொத்த முதலீடும் அதுதான். இலவசமாகக் கொடுப்பதைப் புரிகிற மொழியில் கொடுத்தால் என்ன குறைந்துவிடுமோ!

காப்புரிமை நீங்கள் எழுதும்போதே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. பதிந்துதான் ஆக வேண்டும் என்றால் அரசுக் கட்டணம் 500 ரூபாய். அதுவும் உங்கள் விளக்கத்துக்கும் தொகுப்புக்கும்தான். அப்பத்தாவின் வாயில் வழிவழியாக வந்த சொல்லுக்கு யாரும் பட்டா போட முடியாது. அடுத்ததாக ஏஜெண்டு, "நூலக ஆணை வாங்கித் தருகிறேன்" என்பார், அதாவது அரசு நூலகங்களை உங்கள் புத்தகத்தை வாங்க வைக்கிறாராம். அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பெயர். பொன்மொழி வேண்டாம், அது சொன்னவர் இன்னார் என்று தெரிந்த வாசகம். பழமொழி என்று போட்டால் தப்பில்லை. ஆனாலும் ஒரு வட்டாரத்துப் பேச்சில், கேலியும் குத்தலுமாக வந்து விழுவதைச் சொலவடை என்கிறோம். உங்கள் நோட்டுக்கு அதுதான் பொருந்தும்.

'கிணற்றுத் தவளை' மாதிரி வருவதைத் தனியே எடுத்து வையுங்கள். அது தொடர்தான், இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். சொலவடை தனியாக நின்றே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடும். ஒன்று கவனியுங்கள்: வினைச்சொல் இல்லையே என்று எதையும் தொடர்ப் பக்கம் தள்ளிவிடக் கூடாது. 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பதில் வினை எங்கே? 'சிறுதுளி பெருவெள்ளம்', 'ஆள் பாதி ஆடை பாதி', இவற்றிலும் இல்லை. ஆனாலும் தீர்ப்பு முழுதாக இருக்கிறது. நன்றாகப் படித்தவர்களே இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

ஐந்நூறு சேர்க்கும் யோசனையைக் குப்பையில் போடுங்கள். எண்ணிக்கைப் போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. 1874இலேயே பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கு மேல் தொகுத்துவிட்டார். இப்போது சேர்ப்பதென்றால் இணையத்திலிருந்துதான் அள்ளுவார்கள். அங்கே 'உண்மையான அர்த்தம்' என்று ஒரு நோய் பரவிக் கிடக்கிறது. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' கழுதையே இல்லையாம், 'கழு தைக்க'வாம், கழு என்றால் பாய் தைக்கும் கோரைப்புல்லாம். மண் குதிரை 'மண் குதிர்' ஆம், ஆற்று மணல்மேடாம். அப்பத்தா கழுதை என்று சொன்னால் கழுதை என்றே எழுதுங்கள். திருத்தாதீர்கள்.

அதைவிட, ஒவ்வொன்றையும் அப்பத்தா யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னார் என்று இரண்டு வரி எழுதுங்கள். முதுமொழி, அதாவது பழமொழி, என்பது நுட்பமும் சுருக்கமுமாக, எடுத்துக்கொண்ட பொருளை முடிப்பதற்குக் காரணமாக வருவது என்கிறது தொல்காப்பியம். என்ன பொருளை முடிக்க வந்தது என்று தெரியாவிட்டால் சொல் பாதிதான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பூண்டு போடுகிற உங்கள் மலைக்காட்டில் அப்பத்தா அதை விதைப்புக்குச் சொன்னாரா, கல்யாணத்தைத் தள்ளிப் போட்ட பேரனுக்குச் சொன்னாரா? அது உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சொந்தமாக வெளியிடுகிறவர் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதியும், கொல்கத்தா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொன்றும் அனுப்ப வேண்டும். தபால் செலவு உங்களுடையது. இதற்கும் ஒரு 'சர்வீஸ் சார்ஜ்' கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.