மிருதங்கம் வாசிக்கும் விஞ்ஞானி

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் அரசு ஆய்வு நிறுவனமொன்றின் இயற்பியலாளர் குடியிருக்கிறார். மாலையானால் மிருதங்கம், ஞாயிறு வந்தால் சிறுகதை. மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குபவர் முழுநேரமும் ஆராய்ச்சியில் அல்லவா மூழ்கியிருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: தங்களுடைய விதி 1907-இல் இந்திய நிதித்துறையில் நடைமுறையில் இருந்திருந்தால், நம் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு அந்தத் துறையின் அதிகாரியாகக் கல்கத்தா சென்ற சி.வி. ராமன், பேரேடுகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றிருப்பார். அலுவலகம் திறப்பதற்கு முன்பும் மூடிய பின்பும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்துக்கு ஓடிய அவருக்கு, 1917-இல் பேராசிரியராகும் வரை சம்பளம் கொடுத்தது கணக்கு. இயற்பியல்தான் ஓய்வு நேரத்தில் செய்த பொழுதுபோக்கு. வரிப்பணம் வீணாகிறதென்று அப்போது யாரும் பத்திரிகைக்கு எழுதிப் போட்டதாகத் தெரியவில்லை!

மிருதங்கத்தையும் சொல்லிவிட்டீர்கள். வெறும் தோல் பரப்பைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த சுரங்களான மேற்சுரங்கள், அதிர்வெண்ணில் அந்த அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் பெரும்பாலான முரசுகள் சுருதி சேராமல் வெறுமனே அதிர்கின்றன. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையிலோ, கிட்டக்கல் என்னும் கருநிறக் கல்லின் பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய படலமாக அப்பி, கல்லால் தேய்த்து உலர்த்தி, அதன்மேல் மறுபடியும் அப்பி வட்டமாக ஏற்றும் கரணை, அந்த மேற்சுரங்களை ஏறத்தாழ இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளாக இழுத்து நிறுத்துகிறது. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். கரணை போடும் தொழிலாளியின் விரல்களுக்கு இது முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆனால் இதைக் காட்டி, தங்கள் அண்டைவீட்டுக்காரரின் வாசிப்பும் நாளை ஆய்வுக் கட்டுரையாகும் என்று நான் வாதாடப் போவதில்லை, ஆகாவிட்டால்தான் என்ன? அணுவியலாளர் ராஜா ராமண்ணா பியானோ வாசித்தார். அணுசக்தித் திட்டத்துக்கு உதவும் என்றா வாசித்தார்? வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் 1974-இல் மராத்திக் கதைப் போட்டி ஒன்றுக்குப் புனைபெயரில் கதை அனுப்பி முதற்பரிசு பெற்றார். பெயரை மறைத்தது வெட்கத்தால் அன்று. தம் புகழ் நடுவர்களை அசைத்துவிடக் கூடாது என்பதற்காக.

நேரம் பறிபோகிறது என்ற தங்கள் கவலையிலும் ஓரளவு நியாயம் உண்டு, ஆனால் திசைதான் மாறியிருக்கிறது. ரஷ்ய வேதியியலாளர் பொரோடின் 1869-இல் தொடங்கிய இசைநாடகத்தைப் பதினெட்டு ஆண்டுகள் இழுத்தும் முடிக்காமலே இறந்துபோனார். ஆய்வகமும் மாணவர்களும் போக மிஞ்சிய நேரம்தான் இசைக்குக் கிடைத்தது. மீதியை நண்பர்கள் எழுதி நிறைவு செய்தார்கள்.

இரவு பத்து மணிக்கு மேலும் மிருதங்கம் ஒலித்துத் தங்கள் உறக்கம் கெடுகிறதென்றால், அதை அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்; வரிப்பணத்தை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்?