இணையம் வந்த பிறகு எங்கட சனத்தின்ர பிரச்சினையள் முந்தியைவிடக் கூட வெளிய வருகுதுதானே, பிறகேன் இன்னும் மீடியாவைக் குறை சொல்லுறியள்?

நீங்கள் கொழும்பிலயோ வெளிநாட்டிலயோ இருந்து கேக்கிறியள் எண்டு நினைக்கிறன். கேட்டது பிழை எண்டு சொல்ல வரேல்ல. ஆனா நான் முல்லைத்தீவுப் பக்கம், போரில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடி ரோட்டில போராட்டம் இருக்கிற தாய்மாரில என்ர அம்மாவும் ஒராள், அதால இதை வாசிச்சிட்டுப் பேசாமப் போக ஏலாமக் கிடக்கு.

முந்தி எண்டு சொல்லுறியளே, முந்தி போர்க்காலத்தில எங்களுக்கு பற்றறியே தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள், இரவில பிபிசி தமிழோசை கேக்கிறதுக்காக அயல்வீட்டு ஆக்கள் எல்லாம் ஒரு வீட்டு முத்தத்தில வந்து இருப்பினம். 2009இல போரின்ர கடைசி நேரம் வெளி ஊடகக்காரரைச் சுயாதீனமா உள்ள விடேல்ல. அதோட பாத்தா இப்ப ஒவ்வொரு கையிலயும் கமரா, அது உண்மைதான், மறுக்கேல்ல.

ஆனா எது வெளிய வருகுது எண்டு பாருங்கோ. 2017 ஜனவரி கடைசியில கேப்பாப்பிலவு பிலவுக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசல்ல குழந்தை குஞ்சோட இரவு பகலா இருந்து, படை பிடிச்சு வைச்சிருந்த தங்கட காணியை ஒரு மாசத்தில திரும்ப எடுத்தவை. அப்ப எல்லாக் கமராவும் வந்தது. காணிப் போராட்டத்துக்கு ஒரு முடிவு இருக்கு, கேற் திறக்கிற படம் இருக்கு, சனம் தங்கட கிணத்தைத் தேடி ஓடுற படம் இருக்கு. அதே வருசம் பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில தாய்மார் இருக்கத் தொடங்கினவை, முல்லைத்தீவில மார்ச் 8. அவைக்கு அப்பிடி ஒரு படம் இண்டுவரைக்கும் வரேல்ல, அதே கொட்டில், அதே போட்டோக்கள், அதே முகங்கள், ஆக்களுக்கு மட்டும் வயசு போகுது, சில அம்மாமார் செத்தும் போச்சினம். அவை ரோட்டுக்கு வந்து ரெண்டு மாசத்தில தமிழோசை வானொலியும் நிண்டுபோச்சு.

2022இல கொழும்பு காலிமுகத்திடல் போராட்டம் ஏப்ரல்ல தொடங்கி யூலை நடுவில ஜனாதிபதி விலகிறவரைக்கும் எந்த ரிவியைத் திருப்பினாலும் அதுதான். அந்த நேரம் எங்கட தாய்மார் இருந்து அஞ்சு வருசம் தாண்டிட்டுது. போரில செத்த எங்கட சனத்தை நினைக்கிற மே 18க்கு அங்கயும் விளக்கு ஏத்தினவை, அதை மறக்கேல்ல, சின்ன விசயமும் இல்ல.

எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன். ஒரு யூரியூப் சனல் பெடியன் வந்தவர். மரியாதையான பெடியன்தான். அம்மா கனநேரம் இருந்து கதைச்சவ, காணாமல் ஆக்கப்பட்ட என்ர அண்ணாவை எந்த இடத்தில கையளிச்சது, பக்கத்தில ஆர் ஆர் நிண்டவை, பஸ்ஸில ஏத்தேக்க என்ன சேட் போட்டிருந்தவன், பிறகு எந்தெந்த விசாரணைக்குப் போய் என்ன சொன்னது எல்லாம். வந்த வீடியோவில அம்மா அழுறதும் சோக மியூசிக்கும்தான் இருந்தது. திகதி இல்ல, இடம் இல்ல. லட்சக்கணக்கில பாத்தவை, கமென்றில அழுத முகமாப் போட்டவை, அதுக்குக் கீழ ரெண்டு கட்சிக்காரர் வந்து இந்த அம்மாமாரை ஆர் காசு குடுத்து இருத்தினது எண்டு சண்டை பிடிச்சவை. அம்மா அதை வாசிக்கக்கூடாது எண்டு நான் போனை ஒளிச்சு வைச்சனான். அடுத்த கிழமை எல்லாரும் வேற வீடியோவுக்குப் போட்டினம்.

எங்கட பகுதியில பேப்பருக்கு எழுதிற ஒரு நிருபர் இருக்கிறார். ஒரு செய்திக்கு இவ்வளவு எண்டு கிடைக்கிற சொற்பக் காசு மோட்டச்சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கவும் காணாது, இடைக்கிடை விசாரணைக்கு எண்டு அவரையே கூப்பிடுவினம். அவர் பேர், ஊர், திகதியோட எழுதினது உள்பக்கத்தில சின்னப் பெட்டிச் செய்தியா வந்தது. அம்மா அதை வெட்டி பைலுக்குள்ள வைச்சிருந்தவ. பிறகு ஒரு விசாரணையில, நீங்கள் இந்த இடத்தை முந்திச் சொல்லேல்லையே எண்டு கேக்க, அம்மா எடுத்து நீட்டினது அந்தப் பேப்பர் வெட்டைத்தான். யூரியூப் வீடியோவைத் தேடினன், இல்ல. சனலின்ர பேரே மாறி இப்ப சமையல் போகுது.

யூரியூப் செய்யிற பெடியளுக்கு எதிரா எழுதுறன் எண்டு சொல்ல வேண்டாம். அவைக்கும் வேலை இல்ல. வெளிநாட்டில இருந்து பாத்தா விளம்பரக் காசு கூடுதலா வரும், அதால அங்க இருக்கிற ஆக்களை அழ வைக்கிற மாதிரித்தான் வெட்டுவினம். ஆனா அதால எங்கட ஆக்களே கண்ணீர் இல்லாத விசயத்தைப் பாக்கிறேல்ல. எங்கட முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில 2023 யூன் 29 தண்ணிக் குழாய்க்குக் கிண்டேக்க மனித எலும்பு வந்தது, அடுத்த வருசம் யூலை வரைக்கும் கிண்டி 52 பேரின்ர எச்சங்கள். வெளிநாட்டில இருக்கிற என்ர சொந்தக்காரரில அரைவாசிப் பேருக்கு அந்த ஊரே தெரியாது. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில 2025இல, பள்ளிக்கூட பாக்கோட ஒரு பிள்ளையின்ர எலும்புக்கூடு வந்த படமும், ஐநா மனித உரிமை ஆணையாளர் நேர வந்ததும், உலகம் முழுக்கத் தெரிஞ்சுது. தெரியத்தான் வேணும். அங்க 200க்கும் மேல எலும்புக்கூடுகள். நான் எண்ணிக்கையில போட்டி போடேல்ல, எங்கட 52 பேரையும் ஆரோ தேடிக்கொண்டுதான் இருப்பினம்.

 

ஆரும் அம்மாமாரைப் பேட்டி எடுக்க வாறியள் எண்டா திகதியையும் இடத்தையும் வீடியோவுக்குள்ளயே போடுங்கோ, வெட்டாத முழுப் பதிவில ஒரு கொப்பியை அவையின்ர கையில குடுத்திட்டுப் போங்கோ. எங்கட வீட்டுக்கு வந்த தம்பி இதை வாசிச்சா, அந்த முழு ரெக்கோடிங் இன்னும் உங்களிட்ட இருந்தா தயவுசெய்து அனுப்புங்கோ, அம்மா அடுத்த விசாரணைக்குக் கொண்டு போகோணும் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறா.