மருத்துவமனை வாசல் வரை பஸ் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு மருத்துவமனை, ஒரு கல்லூரி, ஒரு பூங்கா வந்திருக்கின்றன. மூன்றும் பிரதான சாலையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே. மூன்று வாசலுக்கும் பஸ் வர வேண்டும் என்று மனு எழுதுகிறோம். சரிதானா? வழித்தடத்தை மாற்றித் தருவதாக ஒருவர் பணமும் கேட்கிறார்.

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மூன்று வாசலையும் ஒன்றாகக் கேட்கவும் வேண்டாம்.

ஒரு வாசலுக்குள் போய்த் திரும்ப நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் தடத்தின் கடைசிக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை இப்படி உள்ளே வர வேண்டும், ஆக ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம். 60 நிமிடத்தில் சுற்று முடியும் தடத்தில் நான்கு பஸ்கள் ஓடினால் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒரு வாசல் சேர்ந்தால் 17 நிமிடம், மூன்றும் சேர்ந்தால் 21 நிமிடம். தடம் முழுக்க நிற்பவர்கள் எல்லோரும் அந்த நேரத்தை இழக்கிறார்கள். பார்சிலோனா 2012 முதல் 2018 வரை தன் பஸ் தடங்களை இயன்றவரை நேராக்கியது இதற்காகத்தான்.

இடைத்தரகர்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஊரின் ஓரத்தில் மனை விற்பவர்கள் வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டு, ‘உத்தேச பஸ் தடம்’ என்று எழுதிவிடுவார்கள். வீட்டை வாங்கிய பிறகு வருவது காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. கடைசி நடை எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தராதவர் சொல்லும் தடத்தை நம்பி மனை வாங்காதீர்கள். கையெழுத்து திரட்டித் தருகிறேன் என்று வசூலிப்பவரும் இதே ரகம்தான்.

கல்லூரிக்கும் பூங்காவுக்கும் போகிறவர்கள் அரை கிலோமீட்டரை ஆறேழு நிமிடத்தில் நடந்துவிடுவார்கள். அவர்களுக்காக நடைபாதை, விளக்கு, சாலையைக் கடக்கும் இடம் ஆகியவற்றைக் கேளுங்கள்.

மருத்துவமனைக்கு மட்டும் நான் விதியைத் தளர்த்துவேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வருகிறார், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல் படுத்திருக்கிறார். எழுந்து வரும்போது தலை சுற்றும், கால் தள்ளாடும். கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்த உடம்போடு அவரை அரை கிலோமீட்டர் வெயிலில் நடக்கச் சொல்ல என்னால் முடியாது. அப்போதும் எல்லா பஸ்களும் உள்ளே வர வேண்டாம். மருத்துவமனையிலேயே முடியும் தடம் ஒன்று இருந்தால் போதும். கடைசி நிறுத்தத்தைத் தாண்டிப் போகும் பயணி கிடையாது, அதனால் யாருக்கும் சுற்றல் இல்லை. அந்த நிறுத்தமும் வாகன நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது, புறநோயாளிகள் வாசலை ஒட்டியே இருக்க வேண்டும்.

இத்தனை பாடும் எதனால்? மலிவாகக் கிடைத்த நிலத்தில் கட்டடத்தைக் கட்டி முடித்துவிட்டு, திறப்பு விழாவுக்குப் பிறகுதான் பஸ் பற்றி யோசிக்கிறார்கள். இடம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் போக்குவரத்துத் துறையை அழைப்பதே இல்லை. வருடக்கணக்காக இதைச் சொல்லி அலுத்துவிட்டேன்.

உங்கள் மனுவில் ‘மருத்துவமனையில் முடியும் ஒரு தடம், புறநோயாளிகள் பிரிவு திறப்பதற்கு முன்பிருந்து கடைசி டயாலிசிஸ் முடியும் வரை’ என்று எழுதுங்கள். அந்த இரண்டு நேரங்களையும் மருத்துவமனையில் கேட்டுக் குறிப்பிட்டுவிடுங்கள்.