வாசகர் கேள்விகள்: ஹோட்டன் சமவெளிக்குப் புறப்படும் முன்

(புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்புத்தளைக்காரரான நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, விடுமுறையில் பிள்ளைகளோடு ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். பதினொரு மணிக்கு உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பை அடைந்தபோது ஒரே வெள்ளை மூட்டம். கீழே ஒன்றுமே தெரியவில்லை. செலவெல்லாம் வீண். எப்போது போனால் பார்க்கலாம்?
– வாசகி, வவுனியா

பதில்: தங்கச்சி, பூங்காவின் வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அப்போதே அங்கே நிற்க வேண்டும். நுவரெலியாவில் தங்குபவர்கள் நாலரைக்கே வேனில் ஏறிவிடுவது நல்லது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த மாதங்களில் இரவில் உறைபனி விழுவதுண்டு; பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம். பூங்காவின் பார்வையாளர் நிலையமான ஃபார் இன் அருகிலிருந்து நடக்கத் தொடங்கினால் முழுச் சுற்றும் ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். பாதை பிரிகிற இடத்தில் முதலில் சிறிய உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி எங்கும் ஓடிவிடாது, திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். இப்படிப் போனால் ஒன்பது மணிக்கு முன்பே விளிம்பில் நிற்கலாம்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், சமவெளியின் தெற்கு விளிம்பு அந்த இடத்தில் ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டுக் காற்று சூடாகி, அந்தப் பாறைச் சுவரை ஒட்டியே மேலே வருகிறது. வரும் வழியில் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளிகளாகி, விளிம்பைத் தாண்டும்போது மூட்டமாக நிற்கிறது. பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் இது நடந்துவிடும்.

ஆனால் 'வீண்' என்று நீங்கள் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மூட்டம்தான் அங்குள்ள காட்டை வாழவைக்கிறது. பாதையோரத்தில் கீன மரங்களைப் பார்த்திருப்பீர்கள், உச்சி குடை விரித்தாற்போல் தட்டையாக இருக்கும். அவற்றின் கிளையெல்லாம் பாசி மூடியிருக்கும். அடுத்த முறை மூட்டம் இறங்கினால் பிள்ளைகளை ஒரு மரத்தடியில் நிறுத்தி, பாசியைத் தொடாமல் கிட்டப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி திரண்டு, பருத்து, கீழே விழும். உடனே அடுத்தது திரளும். மழையே பெய்யாத நாளிலும் அந்த மரத்தடி மண் நனைந்திருப்பது இதனால்தான். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலையூற்றுகள் இந்த மேட்டு நிலத்தில் இருக்கின்றன. பேக்கர் நீர்வீழ்ச்சியாக விழும் பெலிஹுல் ஓயா வளவையில்தான் சேர்கிறது. பொறுமையுள்ள பிள்ளை என்றால் பாசி படர்ந்த தண்டில் அசையாமல் ஒட்டியிருக்கும் ஓணானையும் கண்டுபிடித்துவிடும். மூக்கு நுனியில் வெண்கொம்பு நீட்டிய அந்த ஓணான் நம் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

கேள்வி: சுற்றிலும் எங்கே பார்த்தாலும் தேயிலை. இந்தக் காடு மட்டும் எப்படித் தப்பியது?
– உயர்தர மாணவர், ஹட்டன்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 1873-இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கை வைக்க வேண்டாம் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார். அதை ஏற்று, அந்த உயரத்துக்கு மேல் காடழிப்பதைத் தடுக்கும் ஆணை வந்தது. சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது, அதனால் தப்பியது. 1988-இல் தேசிய பூங்கா ஆனது. 2010-இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. தப்பாதவை யானைகள். நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கர் ஒரு வேட்டைக்காரர். அவரைப் போன்றவர்களின் காலத்துக்குப் பிறகு யானைகள் குறைந்துகொண்டே வந்து, இன்று சமவெளியில் ஒன்றுகூட இல்லை.

உலக முடிவில் நின்று நேர் கீழே பாருங்கள். நன்பேரியல் தேயிலைத் தோட்டமும் அதன் லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தெரியும். இந்த மலைச்சரிவுகளில் காடு வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டது நம் பாட்டன் பாட்டிகளின் கைகள். மேலே காடு, கீழே அவர்கள் நட்ட தோட்டம்; இரண்டையும் ஒரே பார்வையில் காண முடிகிற இடம் அது. நம் மலையகப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரால் நடக்க முடியுமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: முழுச் சுற்று வேண்டாம். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் செங்குத்து, கல்லும் வேரும் ஈரமாக இருக்கும். ஃபார் இன் வரை வாகனம் போகும். அங்கிருந்து தொடக்கத்தில் உள்ள புல்வெளிப் பாதையில் முடிந்த தூரம் நடந்துவிட்டு வந்து உட்காரட்டும். அதிகாலையில் மரைகள் என்னும் பெரிய மான்கள் மேய்வதை அங்கிருந்தே பார்க்கலாம்.

கேள்வி: வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் ஆட்களிடம் நெருங்கி வருகின்றன. ஒரு துண்டு பாண் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?
– வாசகி, கொழும்பு

பதில்: அம்மா, தயவுசெய்து கொடுக்காதீர்கள். மரை புல்லும் இலையும் தின்று அசைபோடும் விலங்கு. பாணுக்குப் பழகினால், பாண் வாசனை ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும். அது இரைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தது போலிருக்க, விலங்கு பட்டினியால் சாகும். இந்தச் சமவெளியில் மரைகள் அப்படிச் செத்திருக்கின்றன. இந்தப் பூங்காவில் சிறுத்தைக்கு முக்கிய இரையும் மரைதான். மனிதரைக் கண்டு ஒதுங்கத் தெரிந்த மரைதான் சிறுத்தையிடமும் எச்சரிக்கையாக இருக்கும்.

வாயிலில் பையைத் திறந்து பிஸ்கட் உறை, போத்தல் மேலுள்ள தாள் எல்லாவற்றையும் கழற்றி எடுக்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். எனக்கு அந்த ஊழியர்கள் மீது பெரும் மரியாதை. வீட்டிலிருந்தே சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

கேள்வி: சென்னையிலிருந்து வருகிறோம். ரயிலில் வந்து நடந்தே ஏற முடியுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: முடியும். ஒஹிய நிலையத்திலிருந்து ஃபார் இன் ஏறத்தாழ 11 கிலோமீற்றர், ஏற்றம்தான். கொழும்பிலிருந்து பகல் ரயிலில் வந்தால் ஒஹியவை அடையும்போது நண்பகல் தாண்டிவிடும். அன்றே ஏறினால் மூட்டம்தான் வரவேற்கும். அப்புத்தளையிலோ ஒஹியவிலோ இரவு தங்கி, விடியுமுன் முச்சக்கர வண்டியில் வாயிலுக்குப் போய்விடுங்கள். இறங்கும்போது அந்தப் பாதையில் நடந்து பாருங்கள், காட்டின் நடுவே போகும் அருமையான வழி. கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு.