கேள்வி – பதில்: மாம்பழமும் மொழிக் கணக்கும்

தர்க்கப்படி ஒரு மொழி உருவாக்குகிறேன். முதல் எழுத்து தாவரம், அடுத்தது மரம், அடுத்தது மா, கடைசி எழுத்து ரகம். பேசிப் பார்த்தால் பெங்களூராவும் செந்தூராவும் குழம்பிப்போகின்றன. எங்கே தவறு?
– வாசகர், காவேரிப்பட்டணம்

வகைப்பாட்டை ஒலியில் ஏற்றியதுதான் தவறு. பொருளில் நெருங்கியவை காதிலும் நெருங்கிவிட்டன. மண்டியில் பெங்களூரா, செந்தூரா, நீலம் மூன்றும் ஒரே மூச்சில் வரும். பேச்சின் சூழலும் கைகொடுக்காது. 1668-ல் ஆங்கில அறிஞர் ஜான் வில்கின்ஸ் உலகத்தையே 40 பகுப்பாக்கி இப்படித்தான் சொல் செய்தார். அவர் புத்தகத்திலேயே ஓரெழுத்து மாறி, டியூலிப் பூ நிற்க வேண்டிய இடத்தில் பார்லி நிற்கிறது!

வேர்ச்சொல்லைப் பொருளிலிருந்து கழற்றிவிடுங்கள். ல-ள-ழ, ந-ன-ண, ர-ற வேறுபாடுகள் வேண்டாம், பேச்சில் நிற்காது. க, ச, த, ப, ம, ந, ல, வ, ய, ர ஆகியவற்றுக்கு 0 முதல் 9 வரை எண் கொடுங்கள். ஆ, ஈ, ஊ, ஏ, ஓ ஐந்துக்கும் 0 முதல் 4. நெடில் மட்டும் போதும். குறில் வைத்தால் சொல்லின் கடைசி உகரம் நம் வாயில் குறுகிவிடும்.

இரண்டு உயிர்மெய் கொண்ட சொல் என்றால் 2,500 வடிவங்கள். அதில் 500 மட்டும் எடுங்கள். முதல் மெய் + முதல் உயிர் + இரண்டாம் மெய்யின் இரு மடங்கு. இதை 5-ஆல் வகுத்த மீதிதான் கடைசி உயிர். ம(4) + ஆ(0) + த(2×2) = 8, மீதி 3. ஆக, 'மாதே'. யாராவது 'நாதே' என்று கேட்டால், கணக்குப்படி அது 'நாதோ'வாக இருக்க வேண்டும். எனவே 'நாதே' சொல்லே இல்லை. பிழை அங்கேயே தெரிந்துவிடும். ஏன் இரு மடங்கு? இல்லாவிட்டால் 'மா-த', 'தா-ம' என்று இடம் மாறினாலும் கூட்டல் ஒன்றே. எண் 5 வித்தியாசப்படும் ஜோடிகள் (க-ந, ம-ர போல) இந்த வலையில் சிக்காது. அவை காதுக்குத் தூரமானவையாக இருக்கத்தான் எழுத்து வரிசையை இப்படி வைத்தோம்.

லோஜ்பன் என்ற செயற்கை மொழியில் வேற்றுமை உருபு தேவையில்லை, இடமே போதும் என்கிறார்களே. அப்படியே வைக்கலாமா?
– மாணவி, பாலக்கோடு

முழுதாக வேண்டாம். 1955-ல் ஜேம்ஸ் குக் பிரவுன் தொடங்கிய லோக்லான் என்ற தர்க்க மொழியின் வழியில் 1987-ல் வந்தது லோஜ்பன். அதில் 'க்லமா' (போ, வா இரண்டும்) என்பதற்கு 5 இடம்: போகிறவர், சேருமிடம், கிளம்புமிடம், வழி, வண்டி. நம் சொற்களை வைத்துச் சொன்னால், 'நான் க்லமா ஒகேனக்கல் தருமபுரி பென்னாகரம் பஸ்'. இரண்டு ஊரை மாற்றிப் போட்டால் அருவியிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பீர்கள். வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இருக்காது, அதுதான் வம்பு. லோஜ்பனே ஃபா, ஃபே, ஃபி, ஃபோ, ஃபு என்று ஐந்து அடையாளச் சொற்களைக் கையில் வைத்திருக்கிறது. 'ஃபி தருமபுரி' என்றால் எங்கே வந்தாலும் கிளம்புமிடம்தான். முதல் இரண்டை இடத்துக்கு விடுங்கள். மூன்றாவதிலிருந்து உருபு கட்டாயம்.

'பழைய மண்டிக் கணக்கு' – பழையது மண்டியா, கணக்கா?
– வாசகர், பர்கூர்

தமிழில் இரண்டும்தான். லோஜ்பனில் இடமிருந்து இரண்டிரண்டாகச் சேரும்: மண்டி பழையது. கணக்குப் பழையது என்றால் 'மண்டி', 'கணக்கு' நடுவே 'போ' என்ற சொல்லைச் செருக வேண்டும். நம் 'போ' அல்ல!