கொரோனாவுக்கு ஒரே வருஷம், டெங்குவுக்கு ஏன் இவ்ளோ காலம்?

கேள்வி: கொரோனா வந்த ஒரே வருஷத்துல ஊசி வந்துருச்சு. மழை பெஞ்சாலே டெங்கு வருது, அதுக்கு ஏன் இன்னும் ஊசி போடல? என் பையனுக்கு போன வருஷமே வந்துட்டுப் போயிருச்சு, இனிமே வராதுல்ல? – வாசகி, திண்டுக்கல்

பதில்: திரும்ப வரலாம்மா, அதுலதான் சிக்கலே. டெங்குல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்து போனா அது திரும்ப தொத்தாது, ஆனா மத்த மூணுகிட்ட இருந்து சில மாசம்தான் பாதுகாப்பு. அதுக்கப்புறம் வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க நம்ம உடம்பு உண்டாக்குற புரதம்) போய் அந்த வைரஸ் மேல ஒட்டிக்கும், ஆனா செயலிழக்க வைக்க முடியாது, வைரஸ் அதைப் பிடிச்சுக்கிட்டே நம்ம செல்லுக்குள்ள இன்னும் சுலபமா நுழைஞ்சிரும். ரெண்டாவது டெங்குல ரத்தக்கசிவு, ஷாக் (ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கிப்போறது) எல்லாம் அதிகமா வர்றது இதனாலதான். அதனால நாலையும் சரியா தடுக்காத ஊசி ஆபத்தாவே முடியலாம்.

பிலிப்பைன்ஸ்ல அதுதான் நடந்துச்சு. 2016ல இருந்து டெங்வாக்சியாங்கற ஊசிய 8 லட்சத்துக்கும் மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் போட்டாங்க, 2017 நவம்பர்ல தயாரிச்ச கம்பெனியே, முன்னாடி டெங்கு வராத பிள்ளைக்கு இத போட்டா பின்னாடி வர்ற டெங்கு தீவிரமாகலாம்னு சொல்லிருச்சு. திட்டத்த நிறுத்தினாங்க. ஜனங்களுக்கு மத்த தடுப்பூசி மேலயும் நம்பிக்கை போச்சு, 2019ல அங்க தட்டம்மை பெருசா பரவுச்சு. எனக்கு இதுதான் ரொம்ப வேதனை.

கொரோனா ஊசியும் ஒரு வருஷத்துல முளைச்சதில்ல. கொரோனா குடும்பத்துல முன்னாடி வந்த சார்ஸ், மெர்ஸ் நோய்கள் காலத்துல இருந்தே அந்த வகை வைரஸ் மேல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற ஸ்பைக் புரதத்ததான் குறி வைக்கணும்னு தெரியும். சில கொரோனா ஊசில இருக்கற எம்ஆர்என்ஏவ (புரதம் செய்யச் சொல்லி செல்லுக்குக் குடுக்கற குறிப்பு) உடம்பு எதிரியா பாக்காம இருக்க வழிய கரிக்கோ, வைஸ்மன்ங்கற விஞ்ஞானிங்க 2005லயே சொல்லிட்டாங்க (2023ல நோபல் கிடைச்சது இதுக்குதான்). அதனால 2020 ஜனவரில வைரஸோட மரபணு வரிசை வெளிய வந்ததும் மார்ச்ல மனுஷங்களுக்கே போட்டுப் பாக்க முடிஞ்சது.

டெங்குவுக்கு இப்போ கியூடெங்காங்கற ஊசி சில நாடுகள்ல போடறாங்க. நம்ம நாட்டுல ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) பனேசியா பயோடெக் கம்பெனியும் சேர்ந்து டெங்கிஆல்ங்கற ஊசிய 2024ல 10,000 பேருக்கு மேல சோதிக்க ஆரம்பிச்சாங்க, போட்டவங்கள ரெண்டு வருஷம் கவனிக்கறதா ஏற்பாடு. இதுல அவசரமே வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

பையனுக்கு திரும்ப காய்ச்சல் வந்தா ஆஸ்பிரின், புரூஃபென் குடுக்காதீங்க. காய்ச்சல் விட்டதும் நிம்மதியா இருந்துராதீங்க, அப்போதான் கவனமா பாக்கணும்: கடுமையான வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், சோர்ந்து படுத்துக்கறது, இதுல எது இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போயிருங்க.