நர்சிங் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பதில் அளிப்பவர்: ஓய்வு பெற்ற நர்சிங் கல்லூரிப் பேராசிரியை)

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். என் மகள் பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்த ஒருவர், பெங்களூருவில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகவும், இப்போதே முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். எங்கள் மாவட்டத்திலேயே புதுக் கட்டடத்துடன் ஒரு பெரிய கல்லூரியும் இருக்கிறது. எதில் சேர்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறோம்.
— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: இரண்டு இடங்களிலும் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். முன்பணம் கேட்பவர் அவசரப்படுத்துவது வழக்கம்தான். ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பையும் அதன்பின் வரும் வாழ்நாள் பணியையும் தீர்மானிக்கும் ஒரு முடிவுக்குச் சில நாள்கள் செலவிடுவதில் தவறே இல்லை.

அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நீங்கலாக ஏனைய நர்சிங் கல்லூரிகள், சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றிருக்க வேண்டும். அதனுடன் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரமும் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியலிலும் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூருக் கல்லூரி என்றால், அது ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததா, கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கேட்க வேண்டும். அங்கே படித்து முடிப்பவர் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட பிறகுதான் தமிழ்நாட்டுக்குப் பதிவை மாற்ற இயலும் என்பதால், அங்கீகாரத்தில் சிறு குறை இருந்தாலும் அது பட்டம் பெறும் நேரத்தில் உங்கள் மகளின் தலையில்தான் விடியும். "அனுமதி வந்துகொண்டே இருக்கிறது" என்ற பதிலை எந்தக் கல்லூரி சொன்னாலும் அங்கே சேர்க்காதீர்கள்.

ஆனால் அங்கீகாரம் என்பது நுழைவாயில் மட்டுமே. நல்ல நர்சிங் கல்லூரி எது என்று என்னைக் கேட்டால், அதன் பின்னால் எந்த மருத்துவமனை இருக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. பலகையில் 100 என்று எழுதியிருப்பது வேறு, அந்தப் படுக்கைகளில் நோயாளிகள் இருப்பது வேறு. எனவே சேர்க்கைக்காக அவர்கள் அழைக்கும் நாளில் போகாமல், ஒரு சாதாரண வேலை நாளில், காலை பத்து மணியளவில் அந்த மருத்துவமனையின் ஓ.பி. பகுதிக்குப் போய் உட்காருங்கள். சீட்டு வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள், சீருடை அணிந்த மாணவிகள் வார்டில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்களா, காயத்துக்குக் கட்டு மாற்றும்போது அருகில் ஆசிரியை நிற்கிறாரா, அல்லது மாணவிகள் மட்டும் தாழ்வாரத்தில் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் நீங்களே கண்டுகொள்வீர்கள். குளிர்சாதன வகுப்பறையும் விலையுயர்ந்த பொம்மை உருவங்கள் கொண்ட ஆய்வகமும் உதவியானவைதாம். ஆனால் பொம்மைக்கு வலிக்காது, பயம் வராது, கேள்வி கேட்கவும் தெரியாது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1909இல் நர்சிங் பள்ளியாகத் தொடங்கிய கல்வி 1946இல் பட்டப்படிப்பாக வளர்ந்தது. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களே வார்டுப் பொறுப்பையும் ஏற்கும் முறை இருப்பது, வகுப்பில் சொன்னதும் படுக்கையருகே நடப்பதும் ஒன்றாக இருக்கப் பெரிதும் துணை செய்கிறது. எல்லாக் கல்லூரியிலும் இதை எதிர்பார்க்க முடியாது என்றாலும், மாணவிகளுடன் ஆசிரியர்கள் வார்டுக்கு வருகிறார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சொந்த மருத்துவமனையில் இல்லாத பிரிவுகளுக்கு மாணவிகளை எங்கே அனுப்புகிறார்கள் என்பதும் முக்கியம். மனநலப் பயிற்சிக்குச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற இடங்களுக்கும், சமுதாய நலப் பயிற்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் முறைப்படி அனுப்பும் கல்லூரிகள் உண்டு. அந்தப் பயணச் செலவும் தங்கும் செலவும் யாருடையவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தால் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகள் இருவரிடம் தனியாகப் பேசுங்கள். "லேபர் ரூமில் எத்தனை பிரசவங்களை நீயே நின்று பார்த்தாய், எத்தனையில் உன் கைகளால் உதவினாய்?" என்று கேட்டால் போதும். மகப்பேறு நர்சிங்கில் மாணவி தான் கவனித்த ஒவ்வொரு தாயின் விவரத்தையும் — வலி தொடங்கிய நேரம், கருப்பை வாய் விரிந்த அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு, நஞ்சுக்கொடி முழுமையாக வெளிவந்ததா என்பது வரை — கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து பெற வேண்டும். பிரசவங்கள் குறைவாக நடக்கும் மருத்துவமனையில் இந்தப் பக்கங்கள் சீனியரின் புத்தகத்தைப் பார்த்து எழுதப்படுகின்றன. அப்படி எழுதிப் பட்டம் பெற்ற பெண், முதல் வேலையில் இரவு டூட்டியில் ரத்தப்போக்குடன் வரும் தாயின் முன் நின்றால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, கல்விக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு விடுதி, சீருடை, பேருந்து, பயிற்சிக் கட்டணம், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைப் பின்னால் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுக்கும் ஆகும் மொத்தத் தொகையை எழுத்தில் பெற்று, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சரிபார்த்தபின் திருப்பித் தருவார்களா என்பதைச் சேரும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவி. நர்சிங் படிக்க நீட் எழுத வேண்டுமா? அரசுக் கல்லூரியில் சேர என்ன செய்ய வேண்டும்?
— ஒரு மாணவி, துறையூர்

பதில்: தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இதுவரை நீட் மதிப்பெண் கேட்கப்படுவதில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) பாடங்களில் பெற்ற மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் தயாரித்து, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நர்சிங் கவுன்சிலின் விதிப்படி குறைந்தபட்ச மதிப்பெண் 45 சதவீதம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம். ஆனால் சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த அரசு நர்சிங் கல்லூரிகளில் இடம் பெற அதைவிட மிக உயர்ந்த மதிப்பெண் தேவைப்படும்.

தேர்வு முடிவு வந்ததும் அறிவிப்பு வெளியாகும் நாளைக் கவனித்து, இணையவழியில் விண்ணப்பித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு முடியச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் தனியார் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று வீட்டில் பதற்றம் வரும். தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதே கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன, அவற்றுக்கு நிர்வாக ஒதுக்கீட்டைவிடக் கட்டணம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நீட் எழுதியிருந்தால் புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் முயலலாம். ராணுவக் கல்லூரிகளில் படிப்புக்குப் பின் ராணுவ நர்சிங் பணியில் சேர ஒப்பந்தம் உண்டு.

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேர்ந்தவுடன் கல்லூரியில் கேட்டு விண்ணப்பியுங்கள். பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதை எண்ணி அஞ்ச வேண்டாம். முதல் ஆண்டில் உடற்கூறியல் சொற்கள் மிரட்டும். ஆனால் நோயாளியிடம் நீங்கள் பேசப்போவது தமிழில்தான், அதில் உங்களுக்கு இருக்கும் இயல்பு வார்டில் மிகப் பெரிய பலம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு வருட "நர்சிங்" பயிற்சி தருகிறார்கள். பத்தாம் வகுப்பு போதுமாம், வேலையும் உறுதியாம். தங்கையைச் சேர்க்கலாமா?
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: சேர்க்க வேண்டாம். நர்ஸாகப் பதிவு பெறுவதற்கு உரிய படிப்புகள் மூன்றாண்டு டிப்ளமோவும் நான்காண்டு பி.எஸ்சி.யும்தாம், துணைச் செவிலியர் பயிற்சி இரண்டாண்டு. ஒரு வருடச் சான்றிதழை வைத்துக் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் நர்ஸ் தேர்வையும் எழுத முடியாது. தனியார் மருத்துவமனைகள் இத்தகைய பெண்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொண்டு ஊசி போடச் சொல்வதும், தவறு நேர்ந்தால் கைகழுவிவிடுவதும் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. தங்கை பிளஸ் டூ படிக்கட்டும். மதிப்பெண் குறைந்தாலும் டிப்ளமோ நர்சிங் முடித்து, பதிவு செய்துகொண்டு, பின்னர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வழியாகப் பட்டம் பெறும் பாதை திறந்தே இருக்கிறது.

கேள்வி: என் மகன் நர்சிங் படிக்க விரும்புகிறான். உறவினர்கள் தயங்குகிறார்கள். ஆண்களுக்கு இந்தப் படிப்பு சரிவருமா?
— ஒரு தந்தை, சிவகாசி

பதில்: தாராளமாகச் சரிவரும். அவசர சிகிச்சை, ஐ.சி.யூ., டயாலிசிஸ், மனநலப் பிரிவு என எல்லா இடங்களிலும் ஆண் நர்ஸ்கள் சிறப்பாகப் பணிபுரிகிறார்கள். ராணுவ நர்சிங் கல்லூரிகளும் சில தனியார் கல்லூரிகளும் பெண்களை மட்டுமே சேர்ப்பதால், தகவல் கையேட்டில் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் இருபாலருக்கும் ஒன்றே. மகப்பேறு நர்சிங்கும் அதில் அடங்கும். சில மருத்துவமனைகளில் ஆண் மாணவர்களை லேபர் ரூம் வாசலிலேயே நிறுத்திவிடுவதால், நீங்கள் பார்க்கும் கல்லூரியில் அவர்களுக்கு அந்தப் பயிற்சி எங்கே, யாருடைய மேற்பார்வையில் கிடைக்கிறது என்று முதல்வரிடமே கேட்டுவிடுங்கள்.